கன்சல்டிங் ஆஃபரா, வரப்போகும் ப்ரமோஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி, மார்ச் வந்தால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, ஒரு கன்சல்டிங் ஆஃபர் கையில இருக்கு. இங்க ஏப்ரல்ல ப்ரமோஷன்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?" சென்னையில் ஓர் ஐடி சேவை நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அப்புறம் ஆறு வருடமாக கன்சல்டிங், அதாவது மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. இரண்டு பக்கமும் இருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிக் கணக்கு முழுவதும் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி.

இப்போது 21 லட்சம் வாங்குகிறேன். ஆஃபர் 30 லட்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் சித்தி மகனும் இதையேதான் கேட்டான். சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கத்தில் ஒரு டீக்கடை. டீ வருவதற்குள் போனை நீட்டினான். "முப்பதுன்னா மாசம் ரெண்டரை வரும்ல அண்ணா?" ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் 30,00,000 என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னேன். சம்பளப் பிரிவு அங்கேதான் இருக்கும், எழுத்தும் பொடியாக இருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்தோம்.

30 லட்சத்தில் 6 லட்சம் வேரியபிள், அதாவது ஏறி இறங்கக்கூடிய போனஸ் பகுதி. மீதி 24 லட்சம். அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 12 லட்சம். அதில் 12% நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), 1,44,000. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று 4.81%, அதாவது 57,720. இந்த இரண்டும் சிடிசிக்குள்ளேயே (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) சேர்த்துக் காட்டப்பட்டவை. இவற்றைக் கழித்தால் மாதம் 1,83,190. அதில் நம் பங்கு பிஎஃப் 12,000, வருமான வரி சுமார் 20,000, தொழில் வரி மாதக் கணக்கில் 200 சொச்சம். கைக்கு வருவது ஏறத்தாழ 1.51 லட்சம்.

அவன் நினைத்தது இரண்டரை. டீக்கடையிலேயே முகம் மாறிவிட்டது.

அடுத்து இப்போதைய சம்பளத்தையும் அதேபோல் உடைத்துப் பார்த்தோம். 21 லட்சத்தில் வேரியபிள் 1.5 லட்சம்தான், மீதி 19.5 லட்சம். கைக்கு வருவது சுமார் 1.27 லட்சம். ப்ரமோஷன் கிடைத்து நிரந்தரப் பகுதி 15% ஏறினால் அது சுமார் 1.43 லட்சம் ஆகும். ஆக, இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஆஃபரில் மாதம் 24,000 அதிகம். ப்ரமோஷனுக்குப் பிறகு வரும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 8,000 தான் அதிகம். 30-க்கும் 21-க்கும் நடுவில் தெரிந்த பெரிய இடைவெளியில் மீதியெல்லாம் வேரியபிளுக்குள் இருக்கிறது. அந்த வேரியபிள் வருமா, அந்த ப்ரமோஷன் வருமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இரண்டுமே இன்னும் வராத பணம். இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். கன்சல்டிங் போக ஆசைப்படுபவர் போனஸை முழுசாக எண்ணிவிட்டு, "ப்ரமோஷனை யார் கண்டது" என்பார். போக பயப்படுபவர் ப்ரமோஷனை வந்ததாகவே வைத்துக்கொண்டு, "போனஸெல்லாம் நம்ப முடியாது" என்பார். இரண்டையும் ஒரே தராசில் போடுங்கள். யார் முடிவு செய்கிறார்? எப்போது? எந்தப் பணத்திலிருந்து தருகிறார்கள்? எங்கே எழுதியிருக்கிறது? போனஸிடமும் ப்ரமோஷனிடமும் இதே நான்கையும் கேளுங்கள்.

நன்றாக வேலை செய்தால் வேரியபிள் முழுசாக வந்துவிடாதா?

வேரியபிள் உங்கள் உழைப்புக்கான கூலி என்று நினைப்பதுதான் பிரச்சினை. பெரும்பாலான இடங்களில் அது மூன்று எண்களின் பெருக்கல். நிறுவனம் எப்படிப் போனது, உங்கள் பிரிவு எப்படிப் போனது, உங்கள் ரேட்டிங் என்ன. நிறுவனத்துக்கு 0.8, பிரிவுக்கு 0.75, உங்களுக்கு 1 என்று வந்தால் 6 லட்சம் 3.6 லட்சமாகிவிடும். நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. இருந்தும் 60% தான்.

இது ஐடி நிறுவனங்களில் பலருக்குப் பட்டுத் தெரிந்ததுதான். 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் லாப விகிதம் இறுக்கமானதும் இன்ஃபோசிஸ் சராசரியாக 70% அளவுக்குத்தான் வேரியபிள் கொடுத்தது. அதே காலாண்டில் விப்ரோ நடுநிலை, மேல்நிலை மேலாளர்களுக்கு அதை நிறுத்தியே வைத்தது. 2024-ல் டிசிஎஸ் காலாண்டு வேரியபிளை அலுவலக வருகையோடு முடிச்சுப் போட்டது. வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டில் வேரியபிள் இல்லை. அந்தக் காலாண்டுகளில் ராப்பகலாக உழைத்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

வரியையும் மறக்காதீர்கள். மேலே சொன்ன 30 லட்சம் ஆஃபரில் வேரியபிள் முழு 6 லட்சமும் வந்தால் அதற்கு மட்டும் சுமார் 1.73 லட்சம் வரி. கைக்கு 4.27 லட்சம். 60% வந்தால் கைக்கு 2.62 லட்சம்.

அப்புறம் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பணம் கொடுக்கும் நாளில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கக் கூடாது என்று பெரும்பாலான ஆஃபர்களில் இருக்கும். மார்ச்சோடு வருடம் முடியும், பணம் ஜூலையில் வரும். ஜூனில் பேப்பர் போட்டால் பன்னிரண்டு மாத உழைப்புக்கான போனஸும் போய்விடும். இந்த நிபந்தனை அநேகமாக உங்கள் இப்போதைய நிறுவனத்திலும் இருக்கும். அதனால் இன்று கிளம்பினால் இங்கே கைவிட்டுப் போகும் தொகையையும் கணக்கில் எடுங்கள்.

முதல் வருடம் இன்னொரு குறைவு உண்டு. வருட நடுவில் சேர்ந்தால் வேலை செய்த மாதங்களுக்கு மட்டும்தான் பங்கு. ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தால் அந்த வருடத்துக்கு எதுவுமே இல்லை என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

நான் கணக்குப் போடும்போது முதல் வருடத்துக்கு 50%, அடுத்த வருடத்துக்கு 60% என்று வைத்துக்கொள்வேன். இது என் பழக்கம்தான், சூத்திரம் எதுவும் இல்லை.

"போன வருஷம் நூறு சதவீதம் கொடுத்தோம்" என்று ஹெச்ஆர் சொல்கிறார். நம்பலாமா?

பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் யாருக்கு நூறு என்று கேளுங்கள். நிறுவனம் ஒதுக்கிய மொத்தத் தொகை நூறாக இருக்கலாம். நீங்கள் சேரப்போகும் நிலையில், அதே பிரிவில், சராசரி ரேட்டிங் வாங்கியவருக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில். கடந்த மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். ஒரு நல்ல வருடத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஹெச்ஆரைவிட, அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்து வெளியே வந்தவர் நேராகச் சொல்வார். கல்லூரி நண்பர்கள், பழைய டீம், லிங்க்ட்இன் என்று தேடினால் ஒருவராவது கிடைப்பார். "எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தால், "டார்கெட்ல எத்தனை சதவீதம் வந்துச்சு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

கேட்பதோடு நிறுத்தாமல் பேரமும் பேசுங்கள். வேரியபிளில் ஒரு பகுதியை நிரந்தரச் சம்பளத்துக்கு மாற்றச் சொல்லலாம். முடியாது என்றால், முதல் வருடத்துக்குக் குறைந்தது இத்தனை சதவீதம் உறுதி என்று எழுதித் தரச் சொல்லலாம். மொத்தச் சிடிசியை ஏற்றச் சொல்வதைவிட இதற்கு இறங்கி வருகிறார்கள். நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான். எதுவானாலும் ஆஃபர் லெட்டரிலேயே வர வேண்டும். போனில் சொன்ன ஹெச்ஆர் அடுத்த ஜூலையில் அங்கே இருப்பாரா என்று உங்களுக்குத் தெரியாது.

மேனேஜர் "இந்த வாட்டி உங்களுக்குத்தான்" என்கிறார். அது எவ்வளவு உறுதி?

எனக்கு இதே வார்த்தையை ஒருவர் சொன்னார். நல்ல மனிதர், மனசாரத்தான் சொன்னார். பிப்ரவரியில் அவரை வேறு அக்கவுன்டுக்கு, அதாவது வேறு வாடிக்கையாளரின் வேலைக்கு, மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு என் பெயரே சரியாகத் தெரியாது. ஏப்ரல் முதல் வாரம் சின்ன மீட்டிங் அறையில் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திருப்பாமலே, "யூ ஆர் வெரி மச் இன் த ரேடார்" என்றார். அந்த மேசையில் யாரோ விட்டுப்போன ஒரு மார்க்கர் பேனா மூடி கிடந்தது. அவர் பேசிய பதினைந்து நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றிலும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்தில் வந்த ஒரு நல்ல ஆஃபரை, "ப்ரமோஷன் வரப்போகுதே" என்று சொல்லி நானே மறுத்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

ப்ரமோஷன் பல படிகள் ஏறி வருவது. முதலில் மேனேஜர் மனதில் உங்கள் பெயர் இருக்கிறது. அடுத்து அவர் அதை நாமினேஷனில் போடுகிறார். பிறகு பல மேனேஜர்கள் உட்கார்ந்து பெயர்களை ஒப்பிடும் கூட்டம். அங்கே உங்களுக்காகப் பேச ஆள் இருக்க வேண்டும். அதற்கப்புறம் பட்ஜெட். கடைசியில் கடிதம். உங்களுடையது இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். "இந்த வாட்டி உங்களுக்குத்தான்" என்பது முதல் படி மட்டும்தான். நாமினேஷன் போய்விட்டது, கூட்டம் இன்ன தேதி என்று சொன்னால் பாதி தாண்டியிருக்கிறது. கூட்டத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது, கடிதம் மட்டும் பாக்கி என்றால், நான் அதை முக்கால்வாசிக்கு மேல் நம்புவேன்.

முழுசாக நம்ப மாட்டேன். 2024-ல் அக்சென்ச்சர் தன் பதவி உயர்வுகளில் பெரும்பகுதியை டிசம்பரிலிருந்து ஆறு மாதம் தள்ளி 2025 ஜூனுக்குக் கொண்டுபோனது. யாருடைய திறமையும் அந்த ஆறு மாதத்தில் மாறவில்லை. சந்தை மந்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆஃபரைப் பற்றி வாய் திறக்காமல் ப்ரமோஷன் நிலவரத்தைக் கேட்க முடியுமா?

முடியும். "அடுத்த ஆறு மாசத்துக்கு என் வேலையைத் திட்டமிடுறேன். என் பேர் நாமினேஷன்ல போயிருக்கா, கூட்டம் எப்போ, அங்க என் சார்பா யார் பேசுவாங்க, சம்பளம் எவ்வளவு ஏறும்?" நேராக, சாதாரணக் குரலில் கேளுங்கள். பதிலில் தேதியும் பெயரும் இருந்தால் நல்லது. "பார்ப்போம், பாசிட்டிவா இருங்க" என்று வந்தால் அதுவும் பதில்தான்.

ஏற்றம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிடாதீர்கள். பெயர்ப்பலகை மாறி, சம்பளம் 6% மட்டும் ஏறிய ப்ரமோஷன்களும் உண்டு.

ஆஃபரைக் காட்டி ப்ரமோஷன் வாங்கினால் என்ன?

வாங்கலாம். நிஜமாகவே கிளம்பத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள். காட்டிவிட்டு, அவர்கள் "சரி, போங்கள்" என்றதும் தயங்கி நின்றால் இரண்டு பக்கமும் மதிப்பு போய்விடும். சம்மதித்துப் பணம் ஏற்றினாலும், அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலை எழுதும்போது "இவர் எப்படியும் போகப் பார்த்தவர்" என்ற நினைப்பு சிலருக்கு இருக்கும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் கவுன்டர் ஆஃபரை ஏற்று அங்கேயே ஐந்து வருடம் நன்றாக இருக்கிறார். ஆனால் அவருக்குப் பணத்தோடு வேறு ப்ராஜெக்டும் கொடுத்தார்கள். கிளம்ப நினைத்த காரணம் அப்படியே இருக்க, சம்பளம் மட்டும் ஏறினால் ஆறு மாதத்தில் மறுபடி ரெஸ்யூமேயைத் திறப்பீர்கள்.

ஆஃபரில் என் பதவி ஒரு படி கீழே இருக்கிற மாதிரி தெரிகிறதே?

நிறைய பேர் பார்க்காமல் விடும் இடம் இது. ஐடி சேவையில் மேனேஜராக இருப்பவரைக் கன்சல்டிங்கில் அசிஸ்டன்ட் மேனேஜராகவோ சீனியர் கன்சல்டன்டாகவோ சேர்ப்பது சகஜம். பெயர் முக்கியமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அங்கே வேரியபிள் சதவீதம், விமான வகுப்பு, எந்தக் கூட்டத்தில் உட்கார வைப்பார்கள் என்பது வரை அந்த நிலையைப் பொறுத்துத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம், அடுத்த ப்ரமோஷனுக்கான கடிகாரம். இங்கே ஏப்ரலில் கிடைக்கவேண்டியதை விட்டுவிட்டு அங்கே ஆகஸ்டில் சேர்கிறீர்கள். குறைந்தது ஒரு முழு மதிப்பீட்டு வருடம் முடிந்தால்தான் தகுதி என்றால், அடுத்த ஏப்ரல் உங்களுக்கு இல்லை, அதற்கடுத்த ஏப்ரல்தான். கையருகே இருந்த படி ஏறத்தாழ இரண்டு வருடம் தள்ளிப் போகிறது. இதைச் சொல்லியே "ஒரு நிலை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். இங்கே ப்ரமோஷன் நாமினேஷனில் இருக்கிறேன் என்பது அந்தப் பேரத்தில் நல்ல வாதம்.

கன்சல்டிங் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

மணிக்கணக்கு. உங்கள் நேரத்தில் எத்தனை சதவீதம் வாடிக்கையாளர் கணக்கில் பில் ஆகிறது என்பதை யூட்டிலைசேஷன் என்பார்கள். வாரம் 40 மணி நேரத்தில் இலக்கு 80% என்றால் 32 மணி நேரம் பில் ஆக வேண்டும். மீதி எட்டு மணி நேரத்துக்குள் ப்ரபோசல் எழுதுவது, பயிற்சி, உள்வேலை எல்லாம் அடங்காது. அது இரவுக்கும் சனிக்கிழமைக்கும் வழியும். வேலை இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தால் யூட்டிலைசேஷன் சரியும், கூடவே ரேட்டிங்கும் வேரியபிளும் சரியும். நீங்கள் சேரும் பிரிவில் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று நேர்காணல் செய்த பார்ட்னரிடமே கேளுங்கள். "முதல் மூணு மாசம் நான் எந்த ப்ராஜெக்ட்ல இருப்பேன்?" என்று நான் கேட்டபோது ஒருவர் பெயரோடு சொன்னார், ஒருவர் "நிறைய பைப்லைன் இருக்கு" (வேலைகள் வரப்போகின்றன) என்றார். முதலாமவரிடம்தான் சேர்ந்தேன்.

பயணம் உண்டு. திங்கள் விடியற்காலை மும்பை, வியாழன் இரவு திரும்புவது என்பது பலருக்கு வழக்கம். வளைகுடா ப்ராஜெக்ட் என்றால் மாதக்கணக்கில் ரியாத்திலோ துபாயிலோ. வீட்டில் யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்தில் நான் கற்றது, அதற்கு முந்தைய ஒன்பது வருடத்தில் கற்றதைவிட அதிகம். ஒரு சிமென்ட் ஆலையின் கொள்முதல், ஒரு வங்கியின் கடன் பிரிவு, ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கு என்று உள்ளே போய்ப் பார்க்க வேறு எந்த வேலை விட்டிருக்கும்? உங்களுக்கு இந்த ஆர்வம் இருந்தால், மேலே சொன்ன 8,000 ரூபாய் கணக்கு அவ்வளவு பெரிய விஷயமே இல்லை.

நான்கரை வருடம் ஆகிறது. கிராஜுவிட்டிக்காகக் காத்திருக்கலாமா?

பெரும்பாலும் காத்திருக்கலாம். கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படை 80,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 2,30,769 ரூபாய். 20 லட்சம் என்ற வரம்புக்குள் இருப்பதால் இதற்கு வரியும் இல்லை. கையில் நிற்கும் 2.3 லட்சம், வேரியபிளில் வரும் 3 லட்சத்துக்குச் சமம் என்று சொல்லலாம்.

முழு ஐந்து வருடம் வேண்டுமா? மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் அலுவலகங்களுக்குச் சட்டம் சொல்வது 190 நாள். ஆனால் எல்லா நிறுவனமும் இதைத் தானாகவே பின்பற்றுவதில்லை. உங்கள் ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கை, நோட்டீஸ் காலம் மூன்று மாதத்தையும் சேர்த்து எண்ணி, ஐந்து வருடம் முடிந்து ஒன்பதாம் நாள் வெளியே வருகிற மாதிரி ராஜினாமா தேதியைக் குறித்தார். நோட்டீஸ் காலத்தில் வேலை செய்வதும் பணிக்காலம்தான்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி வந்த இடங்களில் கிராஜுவிட்டி கூடும். பிஎஃப் பிடித்தமும் கூடலாம். அப்போது கைக்கு வருவது கொஞ்சம் குறையும். ஆஃபரின் சம்பளப் பிரிவு இதற்குப் பிறகு போட்டதா, பழைய அச்சா என்று கேளுங்கள்.

புதிய ஆஃபரின் சிடிசியில் இருக்கும் கிராஜுவிட்டித் தொகை, அங்கே ஐந்து வருடம் இருந்தால்தான் உங்களுக்கு. இரண்டு வருடத்தில் கிளம்பும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கழித்துவிடுங்கள்.

பிஎஃப்?

எடுக்க வேண்டாம், யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருடத் தொடர்ச்சிக்கு முன் எடுத்தால் வரி உண்டு. மாற்றினால் பழைய வருடங்களும் சேர்ந்து எண்ணப்படும்.

3 லட்சம் ஜாயினிங் போனஸ் தருகிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

இந்த வருடத்துக்கு மட்டும். அது ஒருமுறை வருவது, அடுத்த வருடச் சம்பள உயர்வு அதன்மேல் கணக்கிடப்படாது. ஒரு வருடத்துக்குள்ளோ இரண்டு வருடத்துக்குள்ளோ கிளம்பினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். வரி போக உங்களுக்கு வந்தது 2 லட்சம் சொச்சமாக இருக்கும், திருப்பிக் கேட்பது முழு 3 லட்சமாக இருக்கலாம். வரிக்கு முந்தைய தொகையா, கைக்கு வந்த தொகையா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆஃபரில் "கன்சல்டன்ட், ஒப்பந்த அடிப்படையில்" என்று இருக்கிறது. அதே 30 லட்சம்தானே?

இல்லை, இது வேறு உலகம். நீங்கள் ஊழியர் இல்லை, பில் அனுப்பும் தொழில்முறை ஆள். 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிஎஃப், கிராஜுவிட்டி, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, குழு மருத்துவக் காப்பீடு எதுவும் இருக்காது. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். ஒரு நன்மை உண்டு. தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும் முறை இருக்கிறது. 50 லட்சம் வரை வரவு உள்ளவர்களுக்கு. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. வரி நன்றாகக் குறையும். ஆனால் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வருமானம் நின்றுவிடும். பட்டயக் கணக்காளர் ஒருவரைப் பார்க்காமல் இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் கருவுற்றிருக்கிறேன். இப்போது மாறலாமா?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. ஆனால் எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 90 நாள் நோட்டீஸ் முடித்துச் சேரும் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். 80 நாள் வந்தாலும், மாறும் இடத்தின் காப்பீட்டில் பிரசவச் செலவு முதல் நாளிலிருந்து உண்டா என்று கேட்க வேண்டும். நாள் இடிக்கிறது என்றால், என் தங்கையாக இருந்தால் ப்ரமோஷனுக்கே இருக்கச் சொல்வேன்.

வயதான பெற்றோரைக் காப்பீட்டில் சேர்த்திருப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட் என்றால் வெளியே தனியாகக் காப்பீடு வாங்குவது கஷ்டம், பிரீமியமும் அதிகம். புதிய இடத்தில் பெற்றோர் சேர்க்கப்படுவார்களா, ஏற்கெனவே இருக்கும் நோய்கள் உடனே அடங்குமா என்று கேட்காமல் சம்பளத்தை மட்டும் பார்த்து மாறியவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக் கடன் எடுக்கப்போகிறேன்.

மாறுவதற்கு முன்பே கடன் ஒப்புதலை வாங்கிவிடுவது நல்லது. வங்கிகள் நிரந்தரச் சம்பளத்தைத்தான் முதலில் பார்க்கும், வேரியபிளை முழுசாக எடுத்துக்கொள்ளாது. இஎம்ஐயை நீங்களும் அப்படியே வையுங்கள். வேரியபிள் வந்தால் அசலில் கட்டுங்கள்.

"பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டுடாதே" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அம்மா அப்பா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நிலையில்லாத வருமானத்தில் குடும்பம் நடத்திய தலைமுறை அது. ஆனால் கடிதம் வராத ப்ரமோஷனும் பறக்கிறதுதான். இருக்கிறது என்பது உங்கள் இன்றைய 1.27 லட்சம் மட்டும். அதையும் ஆஃபரின் 1.51 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். என் அம்மா எந்த வேலையைச் சொன்னாலும் "கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்பார். எனக்குத் தெரிந்து அதைவிடச் சரியான கேள்வி இல்லை.

மூன்று நாளில் பதில் சொல்லச் சொல்கிறார்கள்.

ஒரு வாரம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒரு வாரம்கூடத் தர மாட்டேன் என்கிற இடம் சேர்ந்த பிறகு எப்படி நடத்தும் என்று நானாக இருந்தால் யோசிப்பேன். கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வராமல், பின்னணிச் சரிபார்ப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ராஜினாமா அனுப்பாதீர்கள். 2023-ல் மெக்கின்சி, பெயின் போன்ற பெரிய நிறுவனங்களே புதிதாக எடுத்தவர்களின் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டன.

சித்தி மகன் கடைசியில் என்ன செய்தான்?

இரண்டு பக்கமும் கேட்டான். மேனேஜர், நாமினேஷன் போயிருக்கிறது, கூட்டத் தேதி இன்னும் வரவில்லை என்றார். கன்சல்டிங் நிறுவனம் வேரியபிளில் 1.5 லட்சத்தை நிரந்தரத்துக்கு மாற்றி, முதல் வருடம் குறைந்தது பாதி உறுதி என்று எழுதிக் கொடுத்தது. பதவியை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். அவன் மனைவியோடு இரண்டு நாள் பேசினான், பிறகு பேப்பர் போட்டான். ஜூன் 1 அன்று சேர்ந்தான். பழைய டீமில் ஏப்ரலில் வரவேண்டிய கடிதங்கள் ஜூலையில்தான் வந்தன. அவனோடு நாமினேஷனில் இருந்த மூவரில் இருவருக்குக் கிடைத்தது.

அவனுடைய முதல் போனஸ் இன்னும் வரவில்லை. எக்செலில் அந்த வரியில் 4.5 லட்சம் என்று எழுதவில்லை. பத்து மாதத்துக்கு, அதிலும் 60% என்று 2,25,000 போட்டிருக்கிறான். பக்கத்துக் கட்டத்தில் "வரிக்கு முன்" என்று எழுதி வைத்திருக்கிறான்.